நாற்பது மில்லிமீட்டர் தள்ளினால்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. கார் சாமான் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரைத்தான் விசாரிப்பார்கள். ஞாயிறு காலை, கனகபுரா ரோடு பக்கம் ஒரு காலி செம்மண் மனையில் வண்டி விடுகிறவர்களிடம் போய் நின்றால் பேச்சே வேறு. ஒருவர் பாடியைக் கழற்றிவிட்டு, பேட்டரித் தட்டில் ஸ்பாஞ்ச் துண்டுகளை முன்னும் பின்னுமாக மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார்.

அவருடையது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ‘பக்கி’ ரகக் கார். எடை ஒன்றரைக் கிலோ. தட்டு 139 மி.மீ. பேட்டரிக்கானது, உள்ளே கிடப்பது 96 மி.மீ. நீள ‘ஷார்ட்டி’ லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, ஏறக்குறைய 200 கிராம். மீதி இடத்தில்தான் வித்தை.

முதலில் பேட்டரியை முன்னால் தள்ளி, ரிமோட்டை என் கையில் கொடுத்தார். ட்ரிகரை அழுத்தியதும் பின்சக்கரம் மண்ணை வாரி இறைத்தது. வளைவில் வால் சுழன்று வண்டி வந்த வழியையே பார்த்து நின்றது. அடுத்து 40 மி.மீ. பின்னால். இப்போது கிளம்பும்போதே நல்ல பிடி, நேர்கோட்டில் ஓட்டம். ஆனால் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பியும் வளைவைத் தாண்டி வேலியோரம் போனது. “முன் டயர் மேல வெயிட் இல்லண்ணா, எப்படித் திரும்பும்?” என்றான் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரு அச்சுக்கும் இடையே 280 மி.மீ. என்றால், ஓர் அச்சிலிருந்து இன்னோர் அச்சுக்கு மாறிய எடை ஏறக்குறைய 29 கிராம்தான். மொத்த எடையில் இரண்டு சதவீதம்கூட இல்லை. அதற்கே இவ்வளவு ஆட்டம்!

எடையை நடுவில் குவித்தால் வண்டி சட்டென்று திரும்பும், புதிதாக ஓட்டுகிறவரின் கைக்கு அடங்காது. இரு கோடிக்கும் பிரித்து வைத்தால் நிதானம், ஆனால் மந்தம். புழுதி மண்ணுக்குப் பேட்டரி பின்னால், பிடிப்புள்ள தரைக்கு முன்னால் என்பது இவர்கள் கைப்பழக்கம். பிடிப்புள்ள தரையில் உயரமும் சேர்ந்து படுத்தும்: பேட்டரி மேலே உட்கார்ந்த வண்டி வளைவில் குட்டிக்கரணம் போடும். பேட்டரி ஒரு பக்கமாகக் கிடக்கும் சேஸிஸில் எதிர்ப்பக்கம், டயர் கடையில் வீல் பேலன்சுக்கு ஒட்டும் எடைத் துண்டுகளை ஒட்டிச் சரிக்கட்டுகிறார்கள்.

பெரிய வண்டிக்கும் இதே கவலைதான். இதே ஊரில் தயாராகி 2001-இல் விற்பனைக்கு வந்த ரேவா மின்காரில், கனத்த ஈய-அமில பேட்டரிகளை முன் இருக்கைகளுக்கு அடியில்தான் வைத்தார்கள்.

என்னைக் கேட்டால், புது மோட்டாருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவதற்கு முன் பத்து ரூபாய் ஸ்பாஞ்சை மாற்றிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். பேட்டரியைப் பிடிக்கும் பட்டையை மட்டும் இறுக்கிப் போடுங்கள். கழன்று விழுந்து நசுங்கினால் லைப்போ தீப்பிடிக்கும்.