கம்பவுண்டரின் கணக்கு

மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா ஜில்லாவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுநீரகம் பழுதாகி மாண்டன என்றும், அம்மருந்து நம் காஞ்சிபுரம் ஜில்லாவிலே தயாரானது என்றும், அதில் நூற்றுக்கு 48.6 பங்கு டைஎதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் கலந்திருந்ததை நம் மாநிலத்துப் பரிசோதனைச் சாலையே கண்டு சொல்லிற்று என்றும் 2025 அக்டோபரில் பத்திரிகைகள் எழுதியபோது, மருந்தைக் கலக்குகிற காரியத்தைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாதே என்ற எண்ணம் என்னை விடாமல் தொந்தரவு செய்தது. சரும வைத்தியரான நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "புத்தகம் எதற்கு? கலக்கின கையையே காட்டுகிறேன், வாரும்" என்று தஞ்சைக்கு அருகே ஒரு பார்மஸி கல்லூரியின் செய்முறைக் கூடத்துக்கு என்னை அழைத்துப் போனார்.

அங்கே டிப்ளமா மாணவர்களுக்குக் கை பழக்கிக்கொண்டிருந்தவர் எழுபதைக் கடந்த பெரியவர். சர்க்கார் ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் அவர் பார்மஸிஸ்ட். ஊராருக்கு என்றைக்கும் கம்பவுண்டர்தான். ஊசி மருந்தும் கண் சொட்டு மருந்தும் கிருமியே அண்டாத தனி அறையில் செய்ய வேண்டியவை என்றும், வாயால் உட்கொள்வதும் தோலில் பூசுவதுமான மருந்துகளுக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டாவிட்டாலும் சுத்தத்திலும் அளவிலும் ஒரு மயிரிழைகூடப் பிசகக் கூடாதென்றும், இந்த இரண்டாவது வகையைத்தான் தாம் கற்றுக்கொடுப்பதாகவும் அவர் முதலிலேயே வரம்பு கட்டிக்கொண்டார்.

மாணவி ஒருத்தி அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். பெரியவர் வாய் திறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கும்போது ஒரு முறையும், மருந்தை வெளியே எடுப்பதற்கு முன் ஒரு முறையும், குப்பியைத் திரும்ப வைக்கும்போது ஒரு முறையும் அவள் லேபிலைப் படித்து முடித்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. திரவமானால் லேபில் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பிடித்துத்தான் சாய்க்க வேண்டுமாம். மறுபக்கம் வழிகிற துளி எழுத்தை அழிக்காது. பெயர் அழிந்த குப்பியைப் போல ஆபத்தான வஸ்து மருந்து அறையில் வேறில்லை என்றார்.

அன்றைய பாடம் ஒயிட்ஃபீல்டு களிம்பு. படர்தாமரைக்கு இங்கிலாந்துச் சரும வைத்தியர் ஒருவர் வகுத்த பழைய யோகம் அது. இப்போது குழாயிலேயே அடைத்து வருகிறது. என்றாலும் கை பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது என்பது பெரியவரின் தீர்மானம். 100 கிராம் களிம்புக்கு பென்ஸாயிக் அமிலம் 6 கிராம், சாலிசிலிக் அமிலம் 3 கிராம், மீதி 91 கிராம் களிம்பின் பேஸ். இரும்புச் சத்துப் பட்டால் சாலிசிலிக் அமிலம் ஊதா நிறம் கொள்ளும். ஆகையால் உலோக ஸ்பாட்டுலா அங்கே விலக்கப்பட்டு, பிளாஸ்டிக் ஸ்பாட்டுலாவே கைக்கு வந்தது. இரண்டு அமிலங்களையும் கல்வத்தில் நைய அரைத்துச் சல்லடையில் சலித்து, அந்த 9 கிராம் பொடியைக் கண்ணாடிப் பலகையில் பரப்பியவள், பேஸ் முழுவதையும் அதன்மேல் வைக்கப் போனாள்.

"பாப்பா, நில்லு. மாவுல உப்பை ஒரே இடத்துல கொட்டிக் கிளறினா என்ன ஆகும்?"

"ஒரு பக்கம் கரிக்கும் சார்."

"இங்க கரிக்காது, தோலை எரிக்கும். பொடி எவ்வளவோ அவ்வளவு பேஸ் மட்டும் முதல்ல எடு."

9 கிராம் பொடியோடு 9 கிராம் பேஸ் சேர்ந்து 18 ஆயிற்று. அதற்கு 18 சேர்ந்து 36. அதற்கு 36 சேர்ந்து 72. மீதியிருந்த 28-ஐயும் சேர்த்தபோது கணக்கு 100-இல் வந்து நின்றது. ஒவ்வொரு தவணையிலும் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அழுத்தித் தேய்த்து, சுரண்டிக் குவித்து, மறுபடியும் தேய்த்தாள். முடிவில் பெரியவர் துளி எடுத்து ஒரு கண்ணாடித் துண்டில் மெல்லப் பூசி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரே ஒரு பரல் மின்னிற்று. "இன்னொரு தடவை தேய்" என்றார். நேரமாகிறதே என்ற கவலை அவர் முகத்தில் துளியும் இல்லை.

இதே இரட்டிப்புக் கணக்குத்தான் குழந்தைகளின் பொட்டலங்களையும் காப்பாற்றுகிறது. சாதாரண மருந்துத் தராசு 100 மில்லிகிராமுக்குக் கீழே நம்பத் தக்கதல்ல. வைத்தியர் எழுதியதோ 10 மில்லிகிராம். அப்போது 100 மில்லிகிராம் மருந்தை நிறுத்து, 900 மில்லிகிராம் லாக்டோஸ் சர்க்கரையைப் படிப்படியாக அதோடு அரைத்துச் சேர்த்து, அந்தக் கலவையில் 100 மில்லிகிராம் எடுத்தால் அதற்குள் அசல் மருந்து 10 மில்லிகிராம் இருக்கும். தராசால் முடியாததை யுக்தியால் முடிக்கிற இந்த வித்தை என்னை வெகுவாகக் கவர்ந்தது. ஆசனவாயில் வைக்கும் சப்போசிட்டரி மருந்தின் அச்சுகளுக்கு ஏதோ இடப்பெயர்ச்சிக் கணக்கு ஒன்றையும் விவரித்தார். அது என் அறிவுக்கு எட்டாதென்று கண்டு விட்டுவிட்டேன். இன்ன சரக்கு, எந்தக் கம்பெனி, என்ன பேட்ச் நம்பர், நிறுத்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று எழுதுகிற பதிவேட்டையும் காட்டினார். அதையும் மரியாதைக்காகப் புரட்டிவிட்டு வைத்தேன்.

அவருடைய பூர்வ கதை கேட்கத் தக்கது. பதினைந்து வயதில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் குப்பி கழுவும் பையனாகச் சேர்ந்து, சீட்டிலுள்ள லத்தீன் சுருக்கெழுத்துக்களைக் கேட்டுக் கேட்டே கற்று, பிறகு பரீட்சை தேறி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அந்த நாளில் வயிற்று உப்புசத்துக்கான கார்மினேட்டிவ் மிக்சர் வாங்க வருகிறவர்கள் குப்பியையும் தாங்களே கொண்டு வர வேண்டும். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பாராம். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார். நெடுந்தூரம் நடந்து வந்து கால் கடுக்க நின்ற ஜனங்கள் வாயார வைவார்கள். வேளைக்கு எவ்வளவு என்று படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காகிதப் பட்டையை வெட்டுவாய் வைத்து நறுக்கிக் குப்பியின் பக்கத்தில் ஒட்டித் தருவதும் அவர் வேலை. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் ஒரு சிறு தர்ம ஆஸ்பத்திரியில் தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் மருந்து கலக்கிக் கொடுத்ததாகச் சுயசரிதையில் எழுதியிருப்பதை நான் நினைவூட்டியபோது, "அவரும் நம்ம ஜாதிதான்" என்று சிரித்தார்.

களிம்புக்குப் பிறகு, தொண்டைக்குத் தடவும் மேண்டல்ஸ் பெயின்டுக்கு முறை வந்தது. அயோடின் தண்ணீரில் லேசில் கரையாது. பொட்டாசியம் அயோடைடு துணைக்கு வந்தால்தான் கரையும். மருந்து தொண்டையில் ஒட்டி நிற்பதற்குக் கிளிசரின். அந்தக் கிளிசரின் குப்பியைக் கண்டதும் எனக்குச் சிந்த்வாரா நினைவு வந்துவிட்டது. நிறமில்லாமல், தித்திப்பாய், கொழகொழவென்றிருக்கும் கிளிசரினையும் டைஎதிலீன் கிளைக்காலையும் கண்ணாலோ நாவாலோ பிரித்தறிய முடியாது. 1986-இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 நோயாளிகள் இறந்ததற்கு இவ்விஷம் கலந்த கிளிசரினே காரணம் என்பதும், அதை விசாரிக்க நீதிபதி லென்டின் தலைமையில் கமிஷன் அமர்ந்ததும் பழைய செய்தி. 2006-இல் பனாமா தேசத்திலோ, சீனத்துச் சரக்கொன்று கிளிசரின் என்ற பெயரில் பார்ஸெலோனா தரகர் வழியாகப் போய்ச் சர்க்கார் இருமல் மருந்திலேயே கலந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. வழியில் பீப்பாய் பல கை மாறிற்று, சான்றிதழில் பெயர்கள் மாறின, சரக்கை மட்டும் எவரும் சோதிக்கவில்லை. தொடாத பொருளுக்கு லாபமும் அறியாத பொருளுக்கு நற்சாட்சிப் பத்திரமும் தருகிற இந்தத் தரகு வர்க்கத்தை ஒழித்தாலன்றி மருந்துக்கு மதிப்பில்லை என்று நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டே போனேன்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தரகனைத் திட்டுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா அவன் மருந்து கலக்கலையே. வாங்கிக் கலக்கினவன் இருக்கானே, பீப்பாயைத் திறந்து ஒரு சோதனை போட்டானா? போடணும்னுதான் சட்டம் இருக்கு. காகிதத்தை நம்பினான். எங்களுக்கு லேபிலையே மூணு தடவை படிக்காம நம்பக் கூடாதுன்னு பாடம்."

அப்படிச் சொல்லிவிட்டு, சற்று முன் நான் அலட்சியமாகப் புரட்டிய பதிவேட்டைத் திறந்து, மாணவியின் களிம்புக்கு எதிரே அவளைக் கையெழுத்திடச் செய்து, அதன் பக்கத்தில் தம் கையெழுத்தையும் இட்டார். பதிவு பெற்ற பார்மஸிஸ்ட் அல்லாதவர் வைத்தியர் சீட்டுக்கு மருந்து கலக்கலாகாது என்று 1948-ஆம் வருஷத்துப் பார்மஸி சட்டம் விதித்ததன் தாத்பரியம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. வித்தை தெரிந்தவன் என்பது பாதி. தவறு நேர்ந்தால் இன்னார் என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறான் என்பது மறுபாதி. 100 கிராம் களிம்புக்கு இரண்டு பேர் பொறுப்பேற்று நிற்கிற தேசத்தில், பீப்பாய் பீப்பாயாக வரும் சரக்குக்கு ஒருவராவது திறந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்பது பேராசையல்ல. அந்தக் கையெழுத்தைக் காட்டச் சொல்லும் உரிமை மருந்து வாங்குகிற ஒவ்வொரு தாய்க்கும் உண்டு.