நான்கு தண்டு ஆஸ்பராகஸ்

ஆஸ்பராகஸின் நன்மைகளைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மருந்துச் சீட்டையே நீட்டுகிறார்கள்: சர்க்கரையைக் குறைக்கும், சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும், புற்றுநோயை அண்டவிடாது. இந்தக் காய்க்கு நிஜமாகவே பலன் உண்டு என்பதால்தான் இப்படிப் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. மருந்து என்று நம்பி வாங்கியவர், நோய் தீராதபோது காயையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார். அதன் நன்மை ஒரு நல்ல காய்கறியின் நன்மை. அந்த அளவில் வைத்துப் பார்த்தாலே அது கணிசமானது. நூறு கிராம் பச்சைத் தண்டில் 93 கிராம் தண்ணீர்தான். சுமார் 20 கலோரி, புரதமும் நார்ச்சத்தும் இரண்டிரண்டு கிராம். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் வேகவைத்த நான்கு தண்டுகளில் 89 மைக்ரோகிராம் ஃபோலேட் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய 400-இல் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். நாம் தின்பது மண்ணைப் பிளந்துகொண்டு வரும் இளங்குருத்து. நுனியைப் பார்த்தால் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக மூடியிருக்கும். கிளைகளாக விரிய வேண்டியவை எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன. ஏற்ற வெப்பம் கிடைத்தால் ஒரே நாளில் ஒரு சாண் வரைகூட உயரும். இத்தனை வேகமாகப் பெருகும் உயிரணுக்களுக்கு டி.என்.ஏ. உருவாக்க ஃபோலேட் தேவை. நமக்கும் அது அதே வேலைக்குத்தான் வேண்டும்.

இந்தச் சத்தின் கதை நம் நாட்டில்தான் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்து, நெசவாலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது தீர்கிறது என்று 1931-இல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருளைப் பத்து ஆண்டுகள் கழித்து, 1941-இல், அமெரிக்காவில் பசலைவகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம். கருவின் நரம்புக்குழாய் சரியாக மூடாமல் போகும் குறைபாட்டை இது தடுக்குமா என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய சோதனையின் முடிவு 1991-இல் வந்தது. முன்பு அப்படிப்பட்ட கருவைச் சுமந்த பெண்களிடம், மறுபடி அது நேர்வது 72 சதவீதம் குறைந்தது. அப்படியானால் மாத்திரைக்குப் பதிலாக ஆஸ்பராகஸ் சாப்பிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். கூடாது. அந்தச் சோதனையில் கொடுத்தது நாளுக்கு 4 மில்லிகிராம். வழக்கமான 400 மைக்ரோகிராமைக் காயிலிருந்தே பெறுவதென்றாலும் தினமும் பதினெட்டுத் தண்டு சாப்பிட வேண்டும்; அதிலும் உணவிலுள்ள ஃபோலேட் மாத்திரை அளவுக்கு உடம்பில் சேராது. நரம்புக்குழாய் மூடுவதோ கரு உண்டாகி 28 நாளைக்குள். கர்ப்பம் என்று தெரியவருவதற்கு முன்பே அந்தக் காலம் கடந்துவிடலாம். மருத்துவர் தரும் மாத்திரையை விடவே கூடாது. காயின் இடம் வேறு. ரத்த அணுக்கள் ஆயுள் முழுக்க நாள்தோறும் உருவாகின்றன. அந்த வேலைக்கு வீட்டுச் சாப்பாட்டிலிருந்தே ஃபோலேட் வந்துகொண்டிருக்க வேண்டும். கீரையும் பயறும் செய்கிற அந்த வேலையை ஆஸ்பராகஸும் நன்றாகச் செய்கிறது.

புற்றுநோய் விஷயத்தில் இந்தக் காய்க்கு நடந்தது பெரிய அநியாயம். வேகவைத்து அரைத்துக் காலையும் மாலையும் சில கரண்டி குடித்தால் புற்றுநோய் குணமாகும் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகக் கைமாறி வந்தது. அதற்கு மருத்துவச் சான்று கிடையாது. பிறகு 2018-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது: எலிகளுக்கு வந்த மார்பகப் புற்றுநோய், ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் குறைந்தபோது மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதும் குறைந்தது. உடனே, ஆஸ்பராகஸ் சாப்பிட்டால் புற்றுநோய் பரவும் என்று பேச்சு திரும்பியது. அந்த அமிலத்தை 1806-இல் பாரிஸில் வொக்லானும் ரொபிக்கேயும் ஆஸ்பராகஸ் சாற்றிலிருந்துதான் முதன்முதலில் பிரித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது பாலில், முட்டையில், மீனில், இறைச்சியில், பருப்பில் எல்லாம் இருக்கிறது. நம் உடம்பே அதைத் தயாரித்தும் கொள்கிறது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் ஆஸ்பராஜினேஸ் ஊசி, ரத்தத்தில் உள்ள ஆஸ்பராஜினைச் சிதைத்துத்தான் வேலை செய்கிறது. ஒரு காயைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவதால் அந்த விளைவு வராது. எலியில் கண்டது முக்கியமான ஆராய்ச்சி. அதை வைத்துச் சிகிச்சையில் இருக்கும் ஒரு நோயாளியை ஒரு காயைக் கண்டு பயப்பட வைப்பது கொடுமை. அரைத்த விழுதை நம்பச் சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வைப்பது அதைவிடக் கொடுமை.

யூரிக் அமிலம் கூடியவர்கள் இதைத் தொடக்கூடாது என்ற அறிவுரை இதைவிடக் கவனமாகப் பார்க்கத் தக்கது, ஏனென்றால் உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் ஆஸ்பராகஸில் ஓரளவு இருக்கிறது. ஆனால் 47,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் மிகுதியாகச் சாப்பிட்டவர்களுக்குத்தான் கௌட் மூட்டுவலி கூடுதலாக வந்தது. பியூரின் மிகுந்த காய்கறிகளுக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டும்: இதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும், ஆகவே திடீரென்று அதிகமாகச் சாப்பிடவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் சிறுநீரில் வரும் வாடையைக் கண்டு, உடம்பின் நஞ்சு வெளியேறுகிறது என்று சொல்கிறார்கள். காயிலுள்ள கந்தகச் சேர்மம் உடைந்து வெளியேறுவதால் வரும் வாடை அது. அது சிறுநீரகம் சுத்தமானதற்கும் அடையாளமில்லை, கெட்டதற்கும் அடையாளமில்லை.

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு குழப்பம் உண்டு. நம் சித்த மருத்துவத்தில் தாய்ப்பால் சுரக்கக் கொடுக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு இதே பேரினத்தைச் சேர்ந்தது. அதனால் கிழங்கின் பெருமையைத் தண்டுக்கும், தண்டின் சத்துக் கணக்கைக் கிழங்குச் சூரணத்துக்கும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு இனம்; ஒன்றில் நாம் கொள்வது வேர்க்கிழங்கு, மற்றதில் குருத்து. ஒன்றைச் சோதித்து அறிந்ததை மற்றொன்றின்மேல் ஏற்றிச் சொல்ல வழியில்லை.

இத்தனைக்கும் பிறகு, விலை கொடுத்து இதை வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. சென்னையில் இருப்பவருக்கு என் பதில்: வேண்டாம். ஒரு கட்டு முருங்கைக்கீரையும் ஒரு கைப்பிடி பச்சைப்பயறும் இருக்கும் வீட்டில் இதற்காக ஏங்க ஒன்றுமில்லை. அறுத்த பிறகும் இந்தத் தண்டு வேகமாகச் சுவாசித்துத் தன் சர்க்கரையைத் தானே செலவழிக்கும், அடியிலிருந்து நாரேறும். தொலைதூரம் பயணம் செய்து வந்தது பெரும்பாலும் அதன் நிழல்தான். பெரு நாட்டின் இகா பாலைவனத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சி விளைவித்து விமானத்தில் அனுப்புவதை நினைத்தால் தயக்கம் இன்னும் கூடுகிறது. ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ இருக்கும் தமிழருக்கு நிலைமையே வேறு. வசந்தத்தில் அது பக்கத்து வயலிலிருந்து வருகிறது. ஜெர்மனியில் ஜூன் 24-ஆம் தேதியோடு அறுவடையை நிறுத்தி, அடுத்த ஆண்டுக்காகச் செடியை வளர விட்டுவிடுகிறார்கள். அந்தச் சில வாரங்களில் அங்கே அதை வாங்காமல் இருப்பதுதான் தவறு. மண்ணால் மூடி வெளுக்க வளர்த்த வெள்ளைத் தண்டுக்கு அங்கே மவுசு அதிகம். வெயில் பட்ட பச்சைத் தண்டில் வைட்டமின் சி கூடுதல். அறுத்த முனை ஈரமாக இருக்கிறதா, நுனிச் செதில் இறுகியிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஃபோலேட்டும் வடிநீரோடு போய்விடும். கடுகு தாளித்து, நறுக்கிய தண்டைப் போட்டு நாலைந்து நிமிடம் வதக்கினால் போதும். தேங்காய்த் துருவல் அவரவர் விருப்பம்.