அக்கரைத் தோழியைக் காணப் புறப்படுகிறேன்

ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று அவற்றை வகுப்பறையில் நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். நானும் செய்தேன், பின்னர் ஆசிரியையாகிப் பல்லாண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். ஆயினும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களுக்குரிய கூதிர் எப்படியிருக்கும் என்பதை நான் கண்டதில்லை. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் பினாங்கில் பருவத்தை நாட்காட்டியில்தான் பார்க்க வேண்டும்.

இலையுதிர் காலம் ஒன்று மட்டும் நமக்கு உண்டு. தோட்டத்தில் வாழ்ந்த பெற்றோர் அதை நன்கு அறிவர். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பால்மரங்களின் இலைகள் சிவந்தும் மஞ்சளித்தும் உதிரும். அண்ணாந்தால் வானம் தெரியும். மரத்தில் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். மேனாட்டுக் கவிஞர்கள் இலையுதிர் காலத்தின் அழகைப் பாடுவார்களாம். எங்கள் லயத்தில் அதை எவரும் பாடியதாக எனக்கு நினைவில்லை. கடைக்காரரிடம் கடன் சொல்லும் காலம் அது.

அத்தகைய இலையுதிர் காலம் ஒன்றில்தான், 1970ஆம் ஆண்டில், என் தோழி கப்பலேறினாள். அப்போது எங்கள் இருவருக்கும் வயது பதினொன்று. செபராங் பிறையின் தென்பகுதியில் இருந்த ஒரு தோட்டத்தில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் பிறந்தவர்கள் நாங்கள். அவள் தாய்க்கும் என் தாய்க்கும் ஒரே நிரையில் வேலை. இருவரையும் ஒரே ஆயாக் கொட்டகையில்தான் விட்டுச் சென்றார்கள். அவளைக் காணத்தான் வரும் ஐப்பசியில் மயிலாடுதுறைக்குப் புறப்படுகிறேன். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நாங்கள் நேரில் சந்திக்கப் போகிறோம்.

அவள் ஏன் போனாள் என்பதை இக்காலப் பிள்ளைகள் அறிந்திருக்க வாய்ப்பில்லை; ஆகவே சொல்கிறேன். 1968ஆம் ஆண்டில் இந்நாட்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்பது விதி. குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை. தோட்டங்களில் சிவப்பு அட்டைக்காரர்கள் ஏராளம். சீட்டுக் கிடைக்காதவர்களும், கிடைத்தது எத்தனை நாளைக்கோ என்று அஞ்சியவர்களும் மூட்டை கட்டினர். அவ்வாறு தமிழகம் திரும்பியவர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்பர்.

என் தந்தையார் முன்னரே நீல அட்டை பெற்றிருந்தார். தோட்டத்துக் கிராணி ஒருவர் அவர்மீது அன்பு வைத்துப் பாரங்களை நிரப்பிக் கொடுத்ததுதான் காரணம். தோழியின் தந்தையார் பாரம் எழுதவில்லை. இன்றோ நாளையோ ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம் என்று அவர் எண்ணியிருந்தார்; அத்துடன் அந்தத் தாள்களைப் படிக்கவும் அவருக்குத் தெரியாது. என் தந்தையார் அறிவாளி, அவர் அறிவில்லாதவர் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். இருவரும் கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை வைத்தவர்களே.

இதைவிட என் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. விடுதலை நாளுக்குப் பின், 1962 அக்டோபருக்கு முன், இம்மண்ணில் பிறந்த ஒவ்வொருவரும் பிறப்பாலேயே குடிமக்கள் என்று நம் அரசமைப்புச் சட்டம் கூறுகிறது. தோழி பிறந்தது 1959இல். எனக்கு இருந்த உரிமை முழுவதும் அவளுக்கும் இருந்தது. பதினொரு வயதுக் குழந்தை தாய் தந்தையரை விட்டு எங்கே இருப்பாள்? போகும் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் போனாள்.

அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல் ரஜுலா. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலைப் பற்றிப் பாட்டன் பாட்டிமாரைக் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்கள். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு அருகில் அது ஓடியது. ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பயணம் செய்தனர். அந்நாளில் பாலம் இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் தீவுக்கு வந்துதான் கப்பலேற வேண்டும். தகரப் பெட்டிகள், பித்தளைக் குடங்கள், ஒரு தையல் இயந்திரம், எங்கள் வீட்டுச் சேவல் என நினைத்து அவள் தம்பி அழுதுகொண்டே தேடிய ஒரு கூடை ஆகியவற்றுடன் அவர்கள் சென்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐந்தாறு நாட்கள் கடலில் மிதந்து, நாகப்பட்டினத்தில் கரைக்கு அப்பால் நின்ற கப்பலிலிருந்து படகில் இறங்கியதாக முதல் கடிதத்தில் எழுதியிருந்தாள். ரஜுலா 1970களின் முற்பகுதியில் ஓய்வு பெற்றது. அதன் பின் வந்த சிதம்பரம் கப்பலில் 1985ஆம் ஆண்டுப் பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் மாண்டன. அத்தோடு அந்தக் கடல்வழி முடிவுற்றது.

இப்போது எனக்கு நான்கு மணி நேரம் போதும். 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் தொடங்கியது. விசாவுக்குக் கணினியிலேயே விண்ணப்பிக்கலாம். என் மகள்தான் நிரப்பினாள். தந்தை பிறந்த இடம் எது என்று விண்ணப்பத்தில் ஒரு வினா வந்தது. "தஞ்சாவூர் மாவட்டம்" என்றேன். மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அது புதுச் செய்தி! தாத்தா தோட்டத்திலேயே முளைத்தவர் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தாளாம்.

அக்கரையில் இருப்பவளுக்கும் வியப்புகள் உண்டு. நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டு மணி நேர வேறுபாடு என்றே அவள் இன்றும் கணக்கிடுகிறாள். அவள் புறப்பட்ட காலத்தில் அது சரியே. 1982 சனவரி முதல் நாளில் நாம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தோம் என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு மனத்தில் பதிவதில்லை. நம் நாட்டைப் பற்றி அவள் மனத்தில் இருக்கும் கடிகாரம் 1970இலேயே நிற்கிறது என்று நான் கேலி செய்வேன்.

அவள் கேட்ட பொருள்களின் பட்டியல் நீளமானது. கோடாலித் தைலம் ஒரு டசன், மைலோ, பாத்தேக் கைலி இரண்டு, சௌராஸ்தா சந்தையில் விற்கும் சாதிக்காய் ஊறல். பெலாச்சானும் கேட்டாள். அதைப் பெட்டியில் வைத்தால் விமானத்தில் இருப்போர் அனைவரும் பாதி வழியில் இறங்கிவிடுவர் என்று மகள் தடுத்துவிட்டாள். ஏழு உறைகள் போட்டுக் கட்டலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பால்மரக் கொட்டைகளும் வேண்டுமாம். கல்லில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவர் கையில் வைத்துச் சுட்டு விளையாடுவோமே, அதே கொட்டைகள்தாம். பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். தேடிப் பார்த்தேன். நாங்கள் வாழ்ந்த தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் இப்போது வீடுகள் எழுந்துவிட்டன. கிடைத்தாலும் கொண்டுபோக வழியில்லை. விதை, செடி, மண் ஆகியவற்றை உரிய அனுமதியின்றி இந்தியாவுக்குள் எடுத்துச் செல்லக் கூடாது.

மண் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தோழிக்கு இன்னொரு தம்பி இருந்தான். ஏழு மாதக் குழந்தையாகக் காய்ச்சலில் இறந்து, தோட்டத்து இடுகாட்டில் புதைக்கப்பட்டான். "பிள்ளையை ஒண்டியாக விட்டுவிட்டு வந்தேனே" என்று அவள் தாயார் கண்மூடும் வரையில் புலம்பினாராம். ஐப்பசி மாதம் முழுவதும் மயிலாடுதுறைக் காவிரியில் நீராடுவது வழக்கம். மாதத்தின் கடைசி நாளைக் கடைமுழுக்கு என்பர். அந்நாளில், குழந்தை கிடக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை ஆற்றில் விடவேண்டும் என்பது தாயாரின் விருப்பம். என்னை ஐப்பசியில் வரச்சொன்னதன் காரணம் அதுவே.

சென்ற மாதம் அங்கே சென்றேன். பழைய மண்டோர் ஒருவர், எண்பதைக் கடந்தவர், உடன் வந்தார். நிலம் கைமாறியபோது புதைகுழிகளைத் தோண்டி, எஞ்சியவற்றைக் கோவிலுக்குப் பின்னால் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள் என்றார். எல்லாக் குழிகளுமா என்று கேட்டேன். சற்று நேரம் அவர் பேசவில்லை.

"பெரியவங்க குழிக்கெல்லாம் பேர் எழுதியிருந்துச்சி. சின்னப் பிள்ளைங்க குழிக்கு என்ன இருந்துச்சி டீச்சரம்மா? ஒரு செம்பருத்திக் கொம்பை நட்டு வச்சிருப்பாங்க, அவ்வளவுதான்."

கோவிலுக்குப் பின்னால் இருந்த அந்த இடத்தில் வாழைப்பழமும் ஒரு கிண்ணம் பாலும் வைத்துக் கற்பூரம் ஏற்றினேன். மண்டோர் ஐயா தம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பூசாரி கொடுத்த திருநீற்றைத் தாளில் மடித்து வாங்கிக்கொண்டேன். மண்ணுக்கு ஈடாகுமா என்பதைத் தோழிதான் சொல்ல வேண்டும். அது எந்த இடத்துத் திருநீறு, எந்த இடம் கிடைக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை.

அவளையே இங்கு வரச்சொல்லலாமே என்று சிலர் கேட்கின்றனர். இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் வந்து 30 நாட்கள் தங்கலாம் என்னும் சலுகையை 2023 டிசம்பர் முதல் நாளிலிருந்து நம் அரசு வழங்கியது. அதைத் தோழியிடம் சொன்னபோது, "நான் பிறந்த ஊருக்கு நான் முப்பது நாள் விருந்தாளியா?" என்று சிரித்தாள். அவள் தாயார் இங்கிருந்தபோது ஊர் என்றால் காவிரிக்கரையையே குறிப்பிடுவார். மகளோ காவிரிக்கரையில் இருந்துகொண்டு ஊர் என்று நம் தோட்டத்தைச் சொல்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி வேறு. முதலில் நான் போகிறேன், பிறகு பார்க்கலாம்.

இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது நான் திரும்பியிருப்பேன். பெட்டி ஏறக்குறைய நிறைந்துவிட்டது. திருநீற்றுப் பொட்டலத்தைக் கடப்பிதழோடு கைப்பையில் வைத்திருக்கிறேன். குடை இரண்டு எடுத்திருக்கிறேன், ஒன்று அவளுக்கு. அங்கே மழை பிடித்துக்கொண்டதாம், நேற்றிரவு அழைத்துச் சொன்னாள். வழக்கம்போல் கணக்குத் தவறி, நான் உறங்கிய பிறகுதான் அழைத்தாள்.