கல் கரைந்த தண்ணீர்

ஏப்ரல் 3, பெரம்பலூர்

குளியலறை ஹீட்டர் காலையில் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணன் கழற்றிக் காட்டினார். காயில் கண்ணுக்கே தெரியவில்லை. அதன் மேல் விரல் தடிமனுக்கு வெள்ளைப் பொருக்கு. "போர்த் தண்ணிக்கு இப்படித்தாம்மா. வேற காயில் போட்டாலும் மறுபடி இதேதான்" என்றார். பொருக்கு சுற்றிலும் மூடிக்கொள்வதால் காயில் தன் சூட்டைத் தண்ணீரிடம் இறக்க முடியாமல் தானே காய்ந்து அறுந்துபோகிறது.

ஏப்ரல் 5

இன்று துவைக்கிற நாள். பையனின் வெள்ளைச் சட்டை இந்தக் கல்வியாண்டுக்குள்ளேயே பழுப்பேறிவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் நுரை வருவதில்லை, வாளியின் மேல் திரிதிரியாக ஏடுதான் மிதக்கிறது. சோப்பின் கொழுப்பமிலத்தைத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பிடித்துக்கொள்கின்றன. அவற்றின் பசி தீர்ந்த பிறகுதான் மிச்சச் சோப்பு அழுக்குப் பக்கம் வரும். ஆக, பாதிக் கட்டி தண்ணீரைத் துவைக்கவே போகிறது.

அந்தக் காலத்தில் உவர்மண்ணில் வேகவைத்துத்தான் வெளுப்பார்கள் என்றார் அத்தை. உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. அது கால்சியத்தைச் சுண்ணாம்பாக்கி அடியில் தள்ளிவிடும். நுரைக்காத தண்ணீரை வைத்துக்கொண்டு ஊர்த் துணியையெல்லாம் வெளுத்த அந்த மனிதர்களின் அறிவை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. எழுதி வைத்திருக்க வேண்டிய அறிவு அது.

ஏப்ரல் 9, அரியலூர்

சித்தி வீட்டு வளைகாப்பு. சாலை நெடுக சுண்ணாம்புக்கல் லாரிகள். தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின் ஆலை 1979-இல் இங்கே வந்தது. கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர் என்று தனியார் ஆலைகளும் சுற்றிலும் எழுந்தன. எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு பழைய கடல். 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னும், அதன் பிறகு நெடுங்காலமும், அது இந்த மண்ணின் மேல் கிடந்தது. அதில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும்தான் கல்லாகி இன்று லாரியில் போகின்றன. சாத்தனூரில் படுத்திருக்கிறதே 18 மீட்டர் கல்மரம், அதுவும் அந்தக் கடலுக்குள் அடித்து வரப்பட்டதுதான். புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைக் கண்டறிந்தார்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. நாம் கொதிக்க வைத்தால் வாயு பறந்துவிடுகிறது, சுண்ணாம்பு பாத்திரத்தில் தங்கிவிடுகிறது. காரைப் பக்கம் செம்மண் மேடுகளில் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும் ஜிப்சம் கரைந்த தண்ணீரோ இப்படிப் படியாது. கொதித்தாலும் அதன் கடினம் போகாது.

எங்கள் பெரம்பலூர் நகரம் அந்தக் கடற்படிவத்துக்கு மேற்கே, அதைவிடப் பழைய பாறையின் மேல் இருக்கிறது. ஆனாலும் வறண்ட கரிசலுக்கடியில் சுக்கான் கல் கிடக்கிறது, பாறையும் சிதைந்து தன் பங்குக்குக் கால்சியத்தை விடுகிறது. மழை குறைந்து போர் ஆழமாக ஆக, கல்லோடு தண்ணீர் கிடக்கும் காலமும் கூடுகிறது.

சித்தி வீட்டில் குடிக்கக் கொள்ளிடத் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர். வாசலில் இரண்டுக்கும் தனித்தனிக் குடங்கள். நல்ல தண்ணிக் குடத்தில் யாரும் கைகூடக் கழுவிவிட முடியாது.

ஏப்ரல் 18

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்திருந்த தண்ணீருக்கு முடிவு வந்துவிட்டது. சோதனையை எனக்குச் செய்தே காட்டினார்கள். ஒயின் சிவப்பாக இருந்த தண்ணீர், சொட்டுச் சொட்டாக மருந்து விழ விழ, ஒரு சொட்டில் நீலமாகிவிட்டது. அதுவரை எத்தனை மில்லி இறங்கியது என்பதுதான் கணக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம். எங்கள் தண்ணீர் 200-ஐ எப்போதோ தாண்டிவிட்டது, 600-ஐத் தொடவில்லை.

போன வாரம் ஆர்.ஓ. மெஷின் விற்க வந்த தம்பி, இதைக் குடித்தால் கிட்னியில் கல் வரும் என்று அத்தையைப் பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார். கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. இந்த வெயிலில் தண்ணீர் போதாமல் குடிப்பதுதான் சிறுநீரகக் கல்லுக்குப் பெரிய காரணம். வயலில் நிற்கிற பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்களே, பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

கடினத் தண்ணீர் பறிப்பது காசையும் பெண்களின் உழைப்பையும். வசதியுள்ள வீடு கேனும் மெஷினும் வாங்கி இதிலிருந்து விலகிக்கொள்கிறது. அந்த மெஷினும் பல வீடுகளில் ஒரு குடம் நல்ல தண்ணீர் தர ஒரு குடத்துக்கு மேல் சாக்கடையில் விடுகிறது. போர் வற்றும் ஊரில் இது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. எங்கள் பின்வீட்டு அக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. சோப்பு ஏடு தோலிலும்தான் தங்கும்.

மே 2

கோடை மழை. முதலில் வந்த அழுக்கு நீரை ஓடவிட்டுவிட்டு, மாடிக்குழாயில் அண்டாவை வைத்துப் பிடித்தேன். அதில் வேகவைத்த துவரம்பருப்பு, குக்கரைத் திறந்தபோது மத்து வேண்டாத அளவுக்குக் கரைந்திருந்தது. போர்த் தண்ணீரில் கால்சியம் பருப்பின் பெக்டினை இறுக்கிக் கட்டிவிடுகிறது; இன்னும் நாலு விசில் விட்டாலும் பருப்பு பருப்பாகவே நிற்கும். அந்த நாலு விசிலும் கேஸ்தான். தேற்றாங்கொட்டை உரசினால் சரியாகுமா என்று அத்தை கேட்டார். அது கலங்கலைத் தெளிய வைக்கும், கரைந்துபோன சுண்ணாம்பை அதனால் எடுக்க முடியாது.

மழைத் தண்ணீரில் தலை குளித்த அத்தை, சீயக்காய் பாதிதான் செலவாயிற்று என்று ரெண்டு வீட்டுக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மே 6

மழைநீர்க் குழாய் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. எங்கள் தெருவிலும் குழாய் இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் அது இறங்கும் குழி தூர்ந்துபோய், மழை தெருவுக்கே ஓடுகிறது. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். கூரை குடித்ததும் சிதறியதும் போக, பருப்புக்கும் துணிக்கும் பல நாளுக்குக் காணும்.

பிளம்பரும் கொத்தனாரும் வந்து பார்த்தார்கள். முதல் மழையைத் தள்ளிவிட ஒரு வால்வு, மணலும் கரியும் போட்ட வடிகட்டித் தொட்டி, அதிலிருந்து மூடிய சம்ப். சம்ப் நிறைந்தால் மிச்சம் போர்க்குழிக்கு. பின்வீட்டுப் பக்கச் சுவரில் ஒரு குழாய் வைக்கச் சொல்லியிருக்கிறேன், அக்கா எங்களைக் கேட்காமலே பிடித்துக்கொள்ளலாம். ஆடி முடிவதற்குள் வேலையை முடித்துத் தருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார். வடகிழக்குப் பருவமழைக்கு அது போதும்.