பத்து நிமிடப் பேச்சு, பத்து நிமிடக் கேள்வி

1909 ஜனவரியில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் கண்டதைச் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? சூரியப் புள்ளியின் அரைநிழல் பகுதியில் நிறமாலைக் கோடுகள் ஒரு பக்கம் சிவப்பை நோக்கியும், எதிர்ப்பக்கம் நீலத்தை நோக்கியும் நகர்ந்திருந்தன. வாயு புள்ளியிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்று அதற்குப் பொருள். ஒரே படம், ஒரே விளக்கம். பத்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டங்களில் 10 நிமிடம் பேச்சு, 2 நிமிடம் கேள்வி என்பது நெடுநாள் வழக்கம். பேச்சுக்கு அது சரி; கேள்விக்குப் போதவே போதாது.

நம் கருத்தரங்குகளிலோ வரவேற்புரையும் பொன்னாடையும் காலைப்பொழுதைத் தின்றுவிடுகின்றன. ஆய்வு மாணவிக்கு மிஞ்சுவது ஐந்து நிமிடம். மணி அடித்ததும் கடைசி ஸ்லைடைத் திறக்காமலே மேடையிறங்குகிறார். மூன்று வருட உழைப்பு அந்த ஸ்லைடில்தான் இருக்கிறது. அவருக்குப் பத்து நிமிடம் பேச்சுக்கும், இன்னொரு பத்து கேள்விக்கும் கொடுங்கள். பொன்னாடைகளை மாலையில் போர்த்தலாம்.