சட்டாம்பிள்ளையின் ஊர்

தேர்வுக் காலம் வந்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்கு வேலை கூடிவிடும். திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில், பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே நிற்கிறது இந்தக் கோயில். ஒரு காலத்தில் திருவிதாங்கூர் நாயர் படையின் சாமி. இன்று நிர்வாகம் இந்திய ராணுவத்தின் கையில். சிதறுதேங்காய்தான் இங்கே பெரிய வேண்டுதல். வினாத்தாள் எளிதாக வர, மதிப்பெண் கிடைக்க, இடம் கிடைக்க என்று மாணவர்கள் உடைக்கிறார்கள். நல்ல வாத்தியார் வாய்க்க வேண்டும் என்று உடைப்பவர் உண்டா? சந்தேகம்தான். கால அட்டவணை யாரை அனுப்புகிறதோ அவர்தான் ஆசிரியர்.

இதே ஊரில் மாணவர்கள் ஆசிரியரைத் தேடி நடந்த காலம் ஒன்று இருந்தது. 1853-இல் கண்ணம்மூலையில் ஓர் ஏழை வீட்டில் பிறந்த பையன், அண்டை வீட்டில் சாஸ்திரி நடத்திய சமஸ்கிருதப் பாடத்தை வெளியே நின்று கேட்டே கற்றான் என்கின்றன வாழ்க்கை வரலாறுகள். பிறகு பேட்டை ராமன் பிள்ளை ஆசானின் பள்ளிக்கூடத்தில் மாணவர் தலைவன் ஆனான். தமிழ்த் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான் மலையாளத்தில் சட்டம்பி; அவர் சட்டம்பி சுவாமிகள் ஆனது அப்படித்தான். (இன்றைய மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு ரவுடி என்று பொருள். பாவம், வகுப்புத் தலைவர்கள்!) தமிழுக்கு சுவாமிநாத தேசிகர், சாஸ்திரங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி சுப்பா ஜடாபாடிகள் என்று பாடத்துக்கு ஓர் ஆசானாகத் தேடிப் போனார்.

யோகத்துக்குத் தைக்காடு. அங்கே பிரிட்டிஷ் ரெசிடென்சியில் சூப்பரின்டெண்டாக இருந்த தமிழர் அய்யாவு சுவாமிகள், எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தவர். அதற்காக ஏச்சும் வாங்கியவர். சட்டம்பி சுவாமிகள், நாராயண குரு, அய்யன்காளி என்று பின்னாளில் கேரளத்தையே புரட்டிப்போட்டவர்கள் அவரிடம் வந்தார்கள். சேர்க்கை விண்ணப்பம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. பிடித்தால் வரலாம், பிடிக்காவிட்டால் வேறு ஆசானைப் பார்க்கலாம்.

கல்லூரி கொடுத்த ஆசிரியர் எல்லாம் மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை, 1891-இல் வெளிவந்த தன் ‘மனோன்மணீயம்’ நாடகத்தைக் காணிக்கையாக்கியது தன் பேராசிரியர் ராபர்ட் ஹார்விக்கு. ஆனால் ஞானத்துக்கு அவர் தேடிப் போனது நெல்லைச் சீமையின் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை. பழவங்காடியை ஒட்டிய சாலைக் கடைவீதியில் இன்றும் இருக்கும் சைவப் பிரகாச சபை, 1885-இல் அவர் தொடங்கியது.

இந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் கிடைத்ததா என்றால் இல்லை. புலையர் குழந்தைகளுக்கு ஆசானைத் தேர்ந்தெடுப்பது இருக்கட்டும், பள்ளி வாசலே மூடியிருந்தது. அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். யார் வந்தாலும் சேர்த்துக்கொள், யாரிடமும் உட்கார வை என்ற சர்க்கார் விதி நடைமுறைக்கு வந்தது இப்படிப்பட்ட சண்டைகளில்தான். கால அட்டவணையைத் திட்டுமுன் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிறகு ‘பேரலல் காலேஜ்’ வந்தது. கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் தனித்தேர்வர்களாகப் பதிந்துகொண்டு படித்த இடங்கள்; கேரளமெங்கும் முளைத்தன. வேலையில்லாப் பட்டதாரிகள் பாடம் நடத்தினார்கள். வகுப்பு பிடிக்காவிட்டால் மாணவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். இங்கே வருமானம் குறையும். ஆசானைத் தேர்ந்தெடுக்கும் உரிமை திரும்பி வந்தது, கட்டண ரசீதோடு. இன்றைய நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையங்களில் ரசீதின் தொகைதான் பெரிது.

2024-இல் கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தது. முதன்மைப் பாடம், துணைப் பாடம் என்று மாணவர்களே பொறுக்கிக்கொள்ளலாம். வகுப்புக்குள் யார் வருவார் என்பதைத் துறைதான் முடிவு செய்யும். ஆசிரியரைப் பற்றிக் கருத்துச் சொல்லவும் படிவம் உண்டு. பாடமெல்லாம் முடிந்த பிறகு நிரப்பித் தர வேண்டும்.