துடுப்புப் போடும் செல்கள்

பயோ லேப்ல ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணி. மைக்ரோஸ்கோப்பில் பச்சைப் பந்து ஒன்று உருண்டு போனது. வால்வாக்ஸ். 1700-லேயே லீவன்ஹூக் பார்த்த பாசி.

இதில் கார்ட்டெரி என்றொரு இனம். சுமார் 2000 சின்னச் செல்கள் வெளிப்பரப்பில் நின்று, ஆளுக்கு இரண்டு கசையிழைகளால் துடுப்புப் போடும். உள்ளே இருக்கும் பதினாறு பெரிய செல்கள் மட்டும்தான் குட்டிப் பந்துகளாகும். எல்லாத்துக்கும் ஒரே டிஎன்ஏ. ஆனா ரெக்-ஏ என்ற ஜீன் துடுப்புச் செல்களை இனம் பெருக்க விடாது. குட்டிகள் வெளியேறியதும் அவை செத்துப்போகும்.

ப்ளஸ் டூவோட படிப்பை நிறுத்திட்டு திருப்பூர் போன அண்ணன் ஞாபகம் வந்துச்சு. அவனைத் தடுத்தது ஜீன் இல்ல, என் ஃபீஸ்.

நாங்க பாசி இல்லையே. எனக்கு வேலை கிடைக்கட்டும். துடுப்பு என் கைக்கு வரும், அவன் காலேஜ் போவான்.